சீந்தில் கொடியில் வைத்த முட்டை

கிளியூரில் எங்கள் ஆரஞ்சுப் பழங்கள் ஊசி குத்திய மாதிரி ஒரு துளையோடு உதிரத் தொடங்கிய வருஷம், எனக்கும் என் ஓரகத்திக்கும் ஆகாமல் போனது. அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் தோட்டம். எண்பதுகளின் நடுவில் நடந்தது. அந்தப் பழத்தை விற்றுத்தான் ஒழுகுகிற கூரைக்குத் தகரம் போடுவதாக இருந்தோம்.

துளை போட்டது ஓர் அந்துப்பூச்சி. பொழுது சாய்ந்ததும் வந்து பழத்தைக் குத்திச் சாறு குடிக்கும். குத்திய இடம் அழுகிவிடும். முட்டையை அழித்தால் பூச்சி ஒழியும் என்று பத்து நாள் ஆரஞ்சு இலைகளைப் புரட்டினேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம். தோட்டக்கலை ஆபீசர் வந்து பார்த்துச் சிரித்தார். "குடிக்கிறது இங்க, முட்டை வைக்கிறது சீந்தில் கொடியிலம்மா" என்றார்.

சீந்தில் இருந்தது ஓரகத்தியின் வேலியில். இலையைத் திருப்பினேன். அடிப்பக்கத்தில் கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிதாக, உருண்டையாக, வெளிர் மஞ்சளில் முட்டைகள். சில தனியாக, சில கூட்டமாக. குடிப்பது என் பழத்தை, பிள்ளை பெறுவது அவள் வேலியிலா என்று உடம்பெல்லாம் எரிந்தது. நகத்தில் வைத்து நசுக்கினேன். ஈர் குத்துவது போலச் சத்தம் கேட்டது. சந்தோஷமாக இருந்தது.

கொடியை வெட்டச் சொன்னேன். அதுவரை என்னைக் கண்ணு என்று கூப்பிட்டவள், "ஏனுங்க, எங்க ஊட்டுக்காரருக்குச் சக்கரை நொம்ப இருக்குதுங்க. இந்தத் தண்டுலதான் கசாயம் வெக்கறேன். பூச்சிக்குப் பயந்து மருந்த நிறுத்தச் சொல்றீங்களா?" என்றாள்.

"கசாயம் உங்களுக்கு, அழுகல் எங்களுக்குங்களா அக்கா?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சர்ச்சுக்குப் போனார்கள். நான் தலைவலி என்று சொல்லி நின்றுகொண்டு, கொடியை வேரோடு பிடுங்கினேன். பச்சையாக இருந்ததால் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தேன். அதன்பின் கசாயத்துக்கு அவள் மூட்டு வலியோடு காட்டுக்கு நடந்தாள்.

அடுத்த பருவத்திலும் பழம் உதிர்ந்தது. மலைச்சரிவுக் காடு முழுக்கச் சீந்தில்தான். அது எனக்குத் தெரியாததில்லை, விறகுக்குப் போகும்போதெல்லாம் பார்த்ததுதான். என் கைக்கு எட்டியது அவளுடைய கொடி.

ஒருநாள் காலையில் ஓரகத்தி வந்து, ஒரு கூடை அழுகல் பழத்தை என் வாசலில் கவிழ்த்தாள். "எங்க மரத்துலயும் இதேதானுங்க. போன வருசமும் இப்படித்தான் உழுந்துச்சு. கொடி போயிருச்சு. இனி எதைங்க வெட்டுவீங்க?"

வாசலை நாறடித்துவிட்டாள் என்று தெருவே கேட்கக் கத்தினேன்.