ஆய்வேட்டில் பாஞ்சாலியின் பெயர்

1991-இல் வடக்குப்பட்டு சசிரேகா பொறியியல் மேற்படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தாள். கூடப் படித்தவர்கள் விமான எஞ்சின், ரோபோ என்று ஆய்வுத் தலைப்பு எடுத்தார்கள். அவள் எடுத்தது செங்கல் சூளைக்கு ஒரு தள்ளுவண்டி. அவள் ஊர்ச் சூளையில் பெண்கள் தலைக்குப் பத்துச் சுடாத பச்சைக்கல் வீதம் நாளெல்லாம் சுமந்தார்கள். முப்பது வயதிலேயே கழுத்து போயிற்று.

முதல் வண்டியைச் சூளைக்குக் கொண்டுபோனாள். கல் சுமக்கும் பாஞ்சாலி பத்தடி தள்ளிவிட்டு நின்றாள்.

"இன்னாம்மா இது? சக்கரம் மண்ணுல பூந்துக்குது. பாரம் பூரா என் கையிலதான் கீது. தலையில தூக்கினதே தேவலாம் போல."

சசிரேகாவுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் நோட்டைப் பிரித்தாள். "எப்படி இருந்தா சரியா வரும்க்கா?"

பாஞ்சாலி குந்தி உட்கார்ந்து தரையில் கோடு கிழித்தாள். சக்கரம் அகலமாக இருக்க வேண்டும். முன்னால் இருக்கும் அதைப் பின்னுக்குத் தள்ளிக் கல்லுக்கு நேர் கீழே வைக்க வேண்டும். அப்படியே செய்தார்கள். ஒரே நடையில் நாற்பது கல் போயிற்று.

ஆய்வேட்டில் 'வடிவமைப்பு: சசிரேகா, பாஞ்சாலி' என்று எழுதியதைப் பார்த்ததும் வழிகாட்டிப் பேராசிரியர் பாண்டுரங்கன் கொதித்தார்.

"கையெழுத்துகூடப் போடத் தெரியாதவ பேரா? நன்றியுரையில ஒரு வரி எழுதிட்டு இதை அடி."

"அடிக்க மாட்டேன் சார். என் வண்டி ஓடல. அவங்க சொன்ன வண்டிதான் ஓடுது."

"டிகிரி வேணாமா உனக்கு?"

"திருடி வாங்கற டிகிரி வேணாம் சார்."

இரண்டு மாதம் இழுத்தடித்துவிட்டு, "தேர்வுல நான் வாயைத் திறக்க மாட்டேன், நீயே பட்டுக்கோ" என்று கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வன்று சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலேறி சசிரேகாவும் பாஞ்சாலியும் வந்தார்கள். சக்கரம் ஏன் பின்னால் வந்தது என்று கேட்டார் வெளியூர்த் தேர்வாளர். சசிரேகா கதவைத் திறந்து பாஞ்சாலியை உள்ளே அழைத்தாள். பாண்டுரங்கன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாஞ்சாலி பையிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்துத் தேர்வாளரிடம் கொடுத்தாள். "கைய நீட்டிக்கினு புடிங்க சார். கடுக்குதா? இப்ப நெஞ்சாண்ட கொண்டாங்க. அதே கல்லுதான. சக்கரத்துக்கிட்ட கல்லு வந்தா அப்படித்தான்."

தேர்வாளர் கல்லை மேசைமேல் வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். "உங்க அப்பா பேரு என்னம்மா? இனிஷியல் இல்லாம இருக்கு."

"சுப்பன்."

ஆய்வேட்டில் 'சு. பாஞ்சாலி' என்று அவரே திருத்தினார்.

பாண்டுரங்கன் தன் பங்கு மதிப்பெண்ணில் கை வைத்தார். நான்கு மதிப்பெண்ணில் முதல் வகுப்பு போயிற்று. சசிரேகா மறு மதிப்பீடு கேட்கப் போகவில்லை. அவளுக்கு வேறு வேலை வந்திருந்தது. வண்டி வந்துவிட்டதே என்று சூளை முதலாளி பாதிப் பெண்களை வேலையிலிருந்து நிறுத்தப் பார்த்தார். அத்தனை பேரும் வண்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் முதலாளி இறங்கி வரும்வரை சசிரேகாவும் அவர்களோடு உட்கார்ந்திருந்தாள்.