சிவப்புப் பெட்டியும் நீலப் பையும்

கனகசுந்தரத்தை ஒரு கதிரையில் அரை மணி நேரம் இருக்கவைத்த மனிதர் என்று திருகோணமலை லிங்கநகரில் யாருமே இல்லை. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை நின்றபடி எண்ணுகிற வேலை அவருக்கு. இருபத்தாறு வருடமாக எண்ணினார். நடுவில் ஒரு துரை இரக்கப்பட்டுக் கதிரை ஒன்று கொடுத்தாராம். கனகசுந்தரம் அதில் குடையைத்தான் மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மனிதர் வீட்டில் தங்கமாட்டார். கன்னியா வெந்நீர்க் கிணறு, நிலாவெளிக் கடற்கரை, லோஞ்ச் படகு ஏறி மூதூர். எங்காவது போய்விட்டுப் பொழுதுபட வந்தால்தான் திங்கட்கிழமை அவருக்கு வேலை ஓடும். மனைவி இராசமலரும் சோற்றுப் பார்சலோடு கூடவே போவாள். காலில் சக்கரம் கட்டியவரைக் கட்டிக்கொண்டால் நாமும் உருளத்தானே வேண்டும் என்பாள்.

அந்தச் சக்கரத்துக்கு எழுபத்தொன்பதாம் ஆண்டில் கட்டை விழுந்தது. சீனி வருத்தம் முற்றி, காலை ஒரு இன்சுலின் ஊசி, மாலை ஆறு மணிக்கு ஒரு ஊசி என்று டொக்டர் எழுதிவிட்டார். “மருந்து குளிரா இருக்கவேணும்” என்று டொக்டர் சொல்லும்போதே கனகசுந்தரம் எழுந்துவிட்டார். “ஆனா உறையக்கூடாது, உறைஞ்சா எறியவேண்டியதுதான்” என்று டொக்டர் சொல்லி முடித்தபோது மனிதர் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டு நின்றார். இருந்து கேட்டவள் இராசமலர். வீட்டுக்கு வந்து பத்துத் தரம் சொன்னாள். பத்துத் தரமும் “ஓம் ஓம்” என்றார்.

குளிர்பெட்டி இல்லாத வீடு. குசினி மூலையில் மண்பானைக்குள் ஈரமணலை நிரப்பி, மருந்துப் போத்தலை அதற்குள் வைத்தாள். ஊசி போடுவதும் அவள்தான். போத்தலை அவர் கையில் கொடுத்து, “தெளிவோ?” என்று ஒவ்வொரு தரமும் கேட்பாள். அவர் பாராமலே “ஓம் ஓம்” என்பார். ஓமென்றாலும் அவள் தன் கண்ணாலும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஊசியில் ஏற்றுவாள்.

அந்த வருடம் தம்பலகாமத்துக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ் பழுதாகி நடு வழியில் நின்றது. மருந்து வீட்டில். மாலை ஊசி தவறி, இரண்டு நாள் சத்தியெடுத்துப் படுத்துக் கிடந்தார். அத்தோடு இராசமலர் பயணத்துக்குத் தடை போட்டுவிட்டாள். ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் மனிதர் விறாந்தைக்கும் வாசல் படலைக்கும் நடந்தார். நடந்து நடந்து முற்றத்தில் ஒரு ஒற்றையடிப்பாதையே விழுந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு தாஹிர் குவைத்திலிருந்து லீவில் வந்தான். வந்த கையோடு இரண்டு சாமானைத் தூக்கிக்கொண்டு வந்து விறாந்தையில் வைத்தான். ஒன்று வெள்ளை மூடி போட்ட சிவப்புப் பெட்டி, கல்லு மாதிரிக் கட்டி. மற்றது தோளில் மாட்டுகிற நீலப் பை. உள்ளே பஞ்சு போல மெத்தென்று இருந்தது, மேலே ஸிப்.

“ரெண்டும் ஐஸ் வெச்சுக் கொண்டு போற சாமான் கனகண்ணை. ஒண்டு ஒங்களுக்கு, மத்தது என்ட மச்சானுக்கு. எது வேணுமெண்டு நீங்கதான் சொல்லணும்.”

கனகசுந்தரத்தின் முகத்தில் அன்றைக்குத்தான் விளக்கு எரிந்தது. மருந்தைக் கூடவே கொண்டுபோகலாம் என்றால் உலகமே திரும்பக் கிடைத்த மாதிரி. அதுவும் நல்ல நேரத்தில். அவரோடு துறைமுகத்தில் இருபது வருடம் தோளோடு தோள் நின்ற ஆதம்பாவாவின் மகள் பல்கீசுக்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமை தோப்பூரில் கல்யாணம். வருவேன் என்று கையடித்துக் கொடுத்திருந்தார்.

இராசமலர் யோசித்தாள். பிறகு சொன்னாள்:

“ஒருக்காப் போய்ப் பாப்பம். ஆனா ஆறு மணி ஊசி பிழைச்சுதெண்டால், இனிமேல் ஞாயிற்றுக்கிழமை எண்டு வாய் திறக்கக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ.”

“கோணேசர் மேல ஆணை” என்றார் கனகசுந்தரம்.

பெட்டியா, பையா? சோதித்துப் பார்க்காமல் அவர் எடுப்பாரா? சந்தைப் பக்கம் ஹிஸ்புல்லாவின் மீன் வாடியில் ஐஸ் வாங்கி வந்து, இரண்டிலும் சரிபாதி போட்டு, விறாந்தையில் வைத்தார். வைத்தவர் சும்மா இருந்தாரா? ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை. பத்து நிமிடத்துக்கொரு தரம் எழுந்து போய்த் திறந்து பார்த்தார். பின்னேரம் பையில் வெறும் தண்ணீர். பெட்டியில் கைப்பிடி அளவு ஐஸ் மிச்சம்.

“பாத்தீரோ! பெட்டிதான்!”

“பையை நீங்கள் பதினாறு தரம் திறந்தனீங்கள்” என்றாள் இராசமலர், அரிசி களைந்தபடி. “பெட்டி மூடி இறுக்கம், அதால ஆறு தரம்தான். பையெண்டால் தோளில போடலாம். பஸ்ஸில இந்தப் பெட்டி எத்தனை பேற்ற முழங்காலை உடைக்கப்போகுதோ? மருந்துக்கு ஐஸ்தான் என்னத்துக்கு? எங்கட பானைக்குள்ள ஐஸோ கிடக்கு?”

“அது வீடு. இது கடல்” என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

ஞாயிறு காலை, இராசமலர் சேலை உடுத்து முடிவதற்குள், புதுப் போத்தலைப் பானையிலிருந்து எடுத்துக்கொண்டு மனிதர் வாடிக்குப் பறந்தார். “துணியில சுத்தி வையுங்கோ” என்று அவள் கத்தியது படலையோடு நின்றுவிட்டது.

ஹிஸ்புல்லா ஐஸை இடித்துப் பெட்டியில் கொட்டினார். “பொழுதுபட மட்டும் நிக்கணுமோ ஐயா? உப்பப் போடுங்க. நாங்க அறுக்குளா மீன கொழும்புக்கு அனுப்பக்குள்ள உப்புப் போட்டுத்தான் அடுக்குற. குளிர் சும்மா இறுகிப் புடிக்கும்.”

கனகசுந்தரம் ஒரு பிடிக்கு இரண்டு பிடி உப்பைத் தூவி, நடுவில் குழி தோண்டி, துணியுமில்லை ஒன்றுமில்லை, போத்தலை அப்படியே புதைத்தார். மீனைக் காக்கிற உப்பு மருந்தைக் காக்காதா? துறைமுகத்தில் முடி நரைத்தவருக்கு இதைக்கூட யாரும் சொல்லித்தர வேண்டுமா?

இராசமலர் லோஞ்ச் ஏறுகிற ஜெற்றியில் நீலப் பையோடு நின்றாள்.

“அதை இன்னும் குடுக்கேல்லையோ?”

“நாளைக்குத் தாறனெண்டு தாஹிரிட்டைச் சொல்லியிருக்கிறன். கலியாணப் பிள்ளைக்குக் குடுக்கிற சேலையைக் கொண்டுபோக வேற நல்ல பை இல்லை.”

லோஞ்ச் புறப்பட்டது. மூதூர் போகும்வரை திறப்பதில்லை என்று கனகசுந்தரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாதிக் கடலில், இராசமலர் பக்கத்துப் பெண்ணோடு கதையில் இருக்கும்போது, மூடியை மெல்லத் தூக்கினார். ஐஸைக் கிளறினார். போத்தல் குளிரில் விரலைச் சுட்டது. உள்ளே மருந்து இல்லை. வெள்ளைக் கட்டி ஒன்று இருந்தது.

செருப்புத் தேடிக்கொண்டு நின்றபோது காதில் விழாத பேச்செல்லாம் இப்போது வந்து விழுந்தது. உறைஞ்சா எறியவேண்டியதுதான். மனிதருக்கு வியர்த்தது. போத்தலைச் சட்டைப் பைக்குள் போட்டு, நெஞ்சோடு பொத்திப் பிடித்துக்கொண்டார். கள்ளனுக்குத் தேள் கொட்டினது மாதிரி, வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை.

மூதூரில் ஏறிய பஸ் தோப்பூருக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டி இளகியிருந்தது. ஆனால் பச்சைத் தண்ணீர் போல இருக்கவேண்டிய மருந்தில் தேங்காய்ப்பூ போலத் துகள்கள் மிதந்தன. குலுக்கினார், போகவில்லை. உள்ளங்கையில் உருட்டினார், போகவில்லை. கல்யாண வீட்டில் பந்தலுக்கும் கிணற்றடிக்குமாக ஏழு தரம் நடந்தார். ஏழு தரமும் போத்தலை வெயிலுக்கு உயர்த்திப் பார்த்தார்.

“என்ன கனகர், ஒரு இடத்துல இருக்க மாட்டீங்களா?” என்று ஆதம்பாவா தோளில் தட்டினார். “கலியாணம் எனக்கா, ஒங்களுக்கா?”

சிரித்து வைத்தார். சாப்பாட்டில் கை அளைந்ததே தவிர வாய்க்குப் போகவில்லை. அவர் பயந்தது சீனி வருத்தத்துக்கு அல்ல. சொன்னால் இன்றோடு சரி. இனிச் சாகும்வரை விறாந்தையும் படலையும்தான். சொல்லாவிட்டால்? இந்த மருந்தையே போட்டால் யாருக்குத் தெரியும்? ஒரு இரவுதானே, சமாளிக்கலாம். தம்பலகாமத்து இரண்டு நாள் நினைவுக்கு வந்தது. அதையும் சமாளிக்கலாம் என்று நினைத்தார். அப்படி ஒரு மோட்டுப் பிடிவாதம்.

மூதூர் ஜெற்றிக்கு அவர்கள் திரும்பி வந்தபோது ஐந்து மணி லோஞ்ச் வரவில்லை. ஐந்தரைக்கும் இல்லை. எஞ்சினில் ஏதோ கோளாறாம், வந்துவிடுமாம். கனகசுந்தரம் ஜெற்றியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். ஆறு மணிக்கு இராசமலர் தேத்தண்ணிக் கடையில் சுடுதண்ணீர் கேட்டு, ஊசியை அதில் அவித்து எடுத்தாள். மேற்கே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது.

“இந்த மங்கலில எனக்குக் கண் பிடிக்கேல்லை. நீங்களே போத்தலை எடுத்துப் பாத்துச் சொல்லுங்கோ. தெளிவோ?”

ஓம் ஓம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வாயைத் திறந்தார். அவள் ஊசியைப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்லப்போவதை அப்படியே நம்புகிற முகத்தோடு நின்றாள். அந்த முகத்துக்குப் பொய் சொல்ல அவரால் ஏலாமல் போய்விட்டது.

“இல்லையப்பா” என்றார். “உறைஞ்சு போச்சு. உப்புப் போட்டு நானே பழுதாக்கிப்போட்டன். காலமை லோஞ்சிலயே தெரியும்.”

அவள் ஏசவில்லை. நீலப் பையின் ஸிப்பை இழுத்து, கைவிட்டு, ஈரத்துவாய்ச் சுருள் ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். உள்ளே பழைய போத்தல், அடியில் இரண்டு ஊசிக்கு மருந்து. அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்தத் தரம் உண்மையாகவே பார்த்தார்.

“தெளிவு” என்றார். பிறகு, “காலமையே இது இருக்கெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் என்ர பையையும் திறந்து திறந்து பாத்திருப்பியள்.”

ஊசியைப் போட்டுவிட்டு, ஆதம்பாவா கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சலை அவிழ்த்து அவர் முன்னால் வைத்தாள். அவர் பசியோடு சாப்பிட்டார். பாதியில் நிறுத்தி, “நான் சத்தியம் பண்ணினனான். இனி வீட்டில நிக்கிறன்” என்றார். கண் கலங்கிவிட்டது.

“என்ன சத்தியம்? ஆறு மணி ஊசி பிழைச்சால் எண்டுதானே கதை? ஆறு மணிக்குப் போட்டாச்சு.” அவள் துவாயைப் பிழிந்து மறுபடி நனைத்தாள். “ஒரு வருசமா உங்களை விறாந்தையில பாத்தது எனக்கென்ன சந்தோசமே? சாப்பிடுங்கோ.”

லோஞ்ச் ஏழு மணிக்கு வந்தது. இருக்க இடமில்லை. கனகசுந்தரம் சிவப்புப் பெட்டியைக் கவிழ்த்து உப்புத் தண்ணீரைக் கடலில் ஊற்றிவிட்டு, அதன் மேலேயே இருந்தார். இராசமலர் நீலப் பையை அவர் மடியில் வைத்தாள். நடுக்கடலில் இரண்டு தரம் அவர் கை ஸிப்புக்குப் போனது, இரண்டு தரமும் திரும்பி வந்தது. திருகோணமலை வெளிச்சம் தெரியும்வரை மனிதர் அந்தப் பெட்டியை விட்டு எழும்பவில்லை.