செத்துப்போன தேவானை ட்வி படித்த கதை

தான் செத்துப்போன செய்தி தேவானைக்கு ஒரு மத்தியான வேளையில், மந்தைவெளித் தையல் கடையில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தது. அனுப்பியவன் ஜவஹர். கானா நாட்டில் குமாசி என்ற ஊரில், அவள் புருஷன் செந்தில்குமார் சூப்பர்வைசராக இருக்கும் பிளாஸ்டிக் கம்பெனியில் கூட வேலை பார்த்தவன். அவனோடு முட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டவன். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. ஒரு சுவர், சுவரில் பெரிய போஸ்டர், போஸ்டரில் தேவானை. நாத்தனார் மகள் சடங்கில் எடுத்த படம். மயில்கழுத்துப் பட்டு, தலை நிறையக் கனகாம்பரம். கீழே இங்கிலீஷில் அவள் பெயரும் பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் போட்டிருந்தது.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவது மெட்ராஸ்காரர்கள் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தாள். அந்த ஊரிலும் ஒட்டுவார்களாம், இதைவிடப் பெரிதாக.

அவள் உடனே ஜவஹருக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அவனுக்கு அங்க ஒரு பொண்ணு கீது. அதோட அம்மாவ ஊரே மாமேன்னு கூப்புடும். சந்தையில தக்காளி யாவாரம். பொஞ்சாதி கீற ஆளுக்குப் பொண்ணு தர மாட்டேன்னுச்சு. இவன் பொஞ்சாதி செத்துட்டான்னு சொல்லிட்டான்" என்றான் ஜவஹர். "ஐயோ பாவம்னு சொல்லிட்டு வுட்டுடுவாங்கன்னு நெனச்சான்க்கா. அந்த ஊர்ல சாவுன்னா லேசுல வுட மாட்டாங்க. காரியம் பண்ணாம எப்பிட்றா சோறு துன்றேன்னு மாமேவே முன்ன நின்னு எடுத்துச் செஞ்சுது. கறுப்பும் செவப்புமா துணி கட்டிக்கினு ஜனங்க வந்து அழுதுச்சுக்கா. இனிமே ஒரு வருசம் துக்கம் காக்கணும், அப்பறம்தான் கல்யாணப் பேச்சுன்னு சொல்லிக்கீது."

தேவானை போனை வைத்துவிட்டு மிச்சக் கொக்கிகளையும் தைத்து முடித்தாள். கடையின் மறுபாதிக்குச் சொந்தக்காரி குல்சும்தான் போட்டோவைப் பார்த்துவிட்டு வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாடி இது அநியாயம்! உசுரோட கீறவளுக்கு மாலை போட்டு வச்சிக்கீறான். எந்திரி, போலீசுக்குப் போலாம்."

"போலீசு இன்னா பண்ணும்? அவன் அங்க கீறான். நான் போன்ல கத்துனா கட் பண்ணிடுவான். அப்பறம் ஆள் இந்தப் பக்கமே வர மாட்டான். அவனுக்கும் அதான் வேணும்" என்றாள் தேவானை. "எந்த ஜனம் முன்னாடி என்னைச் சாவடிச்சானோ அந்த ஜனம் முன்னாடி அவன் மானம் போவணும். அதுக்கு இன்னா வழின்னு சொல்லு."

வழி அவளுக்கே தெரிந்திருந்தது. செந்தில்குமாருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. லீவில் வரும்போதெல்லாம் அவள் எதிரிலேயே உட்கார்ந்து, அவள் ஊற்றிய காபியைக் குடித்துக்கொண்டே, அந்த ஊர் பாஷையில் போனில் கொஞ்சுவான். யார் என்று கேட்டால் ஆபீஸ் விஷயம் என்பான். பாதியில் அவளைப் பார்த்துச் சிரிப்பான். புரியாத பாஷையில் சிரிப்பவனைப் பார்க்கும்போது கேட்கிறவளுக்கு எப்படி இருக்கும்? தேவானைக்கு நெஞ்செல்லாம் எரியும். இப்போது அந்தச் சிரிப்புக்கெல்லாம் அர்த்தம் தெரிந்துவிட்டது. மாமேவுக்கு இங்கிலீஷ் வராது என்றும் ஜவஹர் சொல்லியிருந்தான். தமிழில் சொன்னாலும் இங்கிலீஷில் சொன்னாலும் நடுவில் நின்று மொழிபெயர்க்கப் போகிறவன் அவன்தான், அதை அவனுக்கு ஏற்றபடி மாற்றிவிடுவான். மாமே காதில் விழுகிற மாதிரி, மாமேவின் பாஷையிலேயே சொன்னால்தான் உண்டு.

அந்தப் பாஷைக்கு ட்வி என்று பெயர். யூடியூபில் பாடம் இருந்தது. பயணம் போகிறவர்களுக்கான பாடம்: காலை வணக்கம், சந்தை எங்கே, தண்ணீர் வேண்டும், என் பெயர் இன்னது. தேவானை இயர்போனை மாட்டிக்கொண்டு மெஷினை மிதித்தபடியே சொல்லிப் பார்த்தாள். மாச்சே என்றால் காலை வணக்கம். மெதாசே என்றால் நன்றி. ஆனால் வீடியோவில் வருகிறவன் வேகமாகப் பேசினான், தப்பாகச் சொன்னால் திருத்தவும் மாட்டான்.

ஆழ்வார்பேட்டையில் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வருகிற வெளிநாட்டு நோயாளிகள் தங்குவதற்கென்று அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன. தேவானை ஒவ்வொரு கட்டடமாக ஏறி, வாட்ச்மேன்களிடம் கானாக்காரர்கள் யாராவது உண்டா என்று கேட்டாள். கடைசியில் அகோசுவா கிடைத்தாள். இதய ஆபரேஷனுக்கு வந்த அப்பாவுக்குத் துணையாக வந்தவள், முப்பது வயதுக்குள் இருக்கும். இந்த ஊர் வெயிலுக்கு அவளுடைய கவுன்களெல்லாம் இறுக்கிப் பிடித்தன. தேவானை பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தாள். பதிலுக்கு அகோசுவா பாடம் சொல்லிக் கொடுத்தாள். இருவருக்கும் நடுவில் ஓட்டை இங்கிலீஷும் கை ஜாடையும் ஓடின.

முதல் நாளே தேவானை கேட்டாள், திட்டுவதற்கு நல்ல வார்த்தையாக நாலு சொல்லு என்று. அகோசுவா முகம் மாறிவிட்டது. எங்கள் ஊரில் சாபம் விட்டால் தலைவர் வீட்டில் பஞ்சாயத்து வைத்துவிடுவார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை என்றாள். தேவானை போஸ்டரைக் காட்டினாள். அகோசுவா அதிலிருந்த பெயரையும் வருஷத்தையும் படித்தாள். பிறகு பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சரி, முறைப்படி சொல்லித் தருகிறேன் என்றாள்.

முறை என்றால் அப்படி ஒரு முறை. பெரியவர்களைப் பார்த்ததும் விஷயத்தைப் போட்டு உடைக்கக் கூடாது. முதலில் வணக்கம். அவர்கள் பதில் சொல்வார்கள். நலம் விசாரிப்பு. பிறகு அவர்களாகவே 'அமான்னியே' என்று கேட்பார்கள், வந்த சேதி என்ன என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கலாம். அதிலும் 'மெபாவுச்சோ', அதாவது தயவுசெய்து, என்று ஆரம்பிக்க வேண்டும். பழிவாங்கப் போகிறவளுக்குத் தயவுசெய்து ஒரு கேடா என்று தேவானைக்குக் கோபம் வந்தது. முறை தவறிப் பேசுகிறவள் பேச்சை எங்கள் அம்மாக்கள் காதில் வாங்க மாட்டார்கள் என்று அகோசுவா சொன்னதும் அடங்கினாள். உறவு முறைகளையும் கிழமைகளையும் மணியையும் படித்தாள். குனு என்றால் புருஷன். நுவா என்றால் உடன்பிறப்பு. மெதெ ஆசே, நான் உயிரோடு இருக்கிறேன். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் கறிகாய் நறுக்கும்போதும், மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

துக்க வருஷம் முடிகிற சமயத்தில் செந்தில்குமார் லீவில் வந்து இறங்கினான். தேவானை ஏர்போர்ட்டுக்கே போய் அழைத்து வந்தாள், வஞ்சிரம் வறுத்துப் போட்டாள். செத்தவள் கையால் அவன் நன்றாகவே சாப்பிட்டான்.

அடுத்த நாள் தி. நகருக்குக் கூட்டிப் போனான். "மேனேஜர் சம்சாரத்துக்குத் துணி வேணும் தேவானை. நீதான் துணி பாத்துப் பழக்கப்பட்டவ. கொஞ்சம் நல்லதா எடுத்துக் குடு."

மாப்பிள்ளை பெண்ணுக்குத் துணிகள் எடுத்து வைக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அகோசுவா சொல்லியிருந்தாள். தேவானை கடைக்காரரை மேல் தட்டிலிருந்து இறக்க வைத்து, நூலைப் பிரித்துப் பார்த்து, கரையைத் திருப்பிப் பார்த்து, இருப்பதிலேயே நல்லதாகப் பொறுக்கினாள். கத்தரிப்பூ நிறம் ஒன்று, இலைப்பச்சை ஒன்று, அரக்கு ஒன்று. அந்தப் பெண்ணின்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. பொய்யைக் கேட்டு ஏமாந்தவள் அவள். அவளுடைய துணி எதற்கு மட்டமாக இருக்க வேண்டும்? செந்தில்குமார் சந்தோஷத்தில் வாங்கிக் கொடுத்த ஜிகர்தண்டாவை மட்டும் அவள் தொடவில்லை, பல் கூசுகிறது என்று சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் அவன் வழக்கம்போல அவள் எதிரிலேயே உட்கார்ந்து போனில் பேசினான். தேவானை பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். வேகமான பேச்சில் முக்கால்வாசி புரியவில்லை. ஆனால் 'குவாசிதா' என்றான். ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி என்றான். நம்ம ஊருக்கு மூன்றரை. பேசி முடித்துவிட்டு, "ஞாயித்துக்கெழம உங்க அக்கா வூட்டுக்குப் போய்ட்டு வாயேன், ரொம்ப நாளாச்சில்ல" என்றான்.

"போறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, தெருமுனை டீக்கடை வரைக்கும் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் செந்தில்குமாரின் கூட்டாளி பாலகணேஷ் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு அவள் வீட்டுக்குள் நுழைந்தான். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் யாரையாவது வீடியோவில் காட்டியே ஆக வேண்டும் என்று மாமே கேட்டிருந்தாள். அதற்காக வந்திருக்கிற பெரியப்பா! ரயில்வே கேன்டீனில் போண்டா போடுகிறவன்.

மூன்றரை தாண்டியதும் தேவானை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மேஜைமேல் போனைச் சாய்த்து வைத்து, அதன் முன் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஒரு பெரிய கூடம். மடிப்புக் கலையாத துணியில் பத்துப் பதினைந்து பேர். நடுவில் தலையில் துணி கட்டிய பருத்த அம்மாள். அவள் எதிரே மாப்பிள்ளை சார்பில் கம்பெனி ஆட்கள் கொண்டுவந்து வைத்த சாராய பாட்டில்கள். பெண் கேட்டு வருகிறவர்கள் அதைத்தான் வைப்பார்கள். தேவானை நேராகப் போய் இருவருக்கும் நடுவில் நின்றாள்.

அங்கே கூச்சல் கிளம்பியது. ஒருத்தி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தாள். அவர்கள் அழுது காரியம் செய்த முகம் அல்லவா!

"மாமே, மாச்சே" என்றாள் தேவானை.

கூச்சல் அப்படியே நின்றது. அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பயந்திருப்பாள், ஆனாலும் வணக்கம் சொன்னவளுக்குப் பதில் சொல்லாமல் விடுகிற வளர்ப்பு இல்லை. பதில் சொன்னாள். நலமா என்று தேவானை கேட்டாள். நலம் என்றாள் அவள். பிறகு, பெரிய மனுஷியாக நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள்: "அமான்னியே?"

"மெபாவுச்சோ" என்று ஆரம்பித்தாள் தேவானை. "என் பெயர் தேவானை. இவர் என் புருஷன். நான் உயிரோடு இருக்கிறேன்." ஒரு வருஷம் படித்ததில் கோர்வையாகப் பேச வந்தது அவ்வளவுதான். அதற்குமேல் அவளிடம் ட்வி இல்லை.

செந்தில்குமார் வெளிறிய முகத்தோடு மடமடவென்று பேசினான். அதில் 'நுவா' என்ற சொல் விழுந்தது. செத்தவளின் தங்கை என்று சொல்கிறான்! மாமே அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் சந்தேகப்படுகிறாள் என்று தேவானைக்குத் தெரிந்தது. மறுத்துச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவனே அவள் தோளைப் பிடித்துத் தள்ளி, தமிழில் கத்தினான்.

"உள்ள போடி! எவ சொல்லிக் குடுத்தா இதெல்லாம்? போடீன்றேன்ல!"

கொழுந்தியாளிடம் எவனும் அந்தக் குரலில் கத்த மாட்டான். தாலி கட்டியவளிடம் மட்டும்தான் அப்படிக் கத்துவார்கள், அது எந்த நாட்டு அம்மாவுக்கும் புரியும். மாமே எழுந்து நின்றாள். கையைக் காட்டினாள். பாட்டில்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்பிப் போயின. பாலகணேஷ் பெரியப்பா செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கினார்.

கதை அதோடு முடியவில்லை, அதற்குமேல்தான் தேவானைக்குச் சோறு இறங்கியது. மாமேவின் தம்பிதான் அந்தக் கம்பெனியில் ஆட்களையெல்லாம் மேய்க்கிறவர். உயிரோடு இருப்பவளுக்கு எங்களை அழ வைத்து, எங்கள் முன்னோர்கள் முன்னால் எங்களைப் பொய்யர்களாக்கிவிட்டான், இவன் கீழே எங்கள் ஆட்கள் யாரும் மெஷினைத் தொட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். முதலாளி செந்தில்குமாருக்கு வழியைச் சொன்னார்: உன் பெண்டாட்டி தன் வாயால் மாமேவிடம் உன்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்லட்டும், அப்புறம் டிக்கெட் போடு.

செந்தில்குமார் அவள் காலில் விழுந்தான். "ஒரே ஒரு வார்த்த தேவானை. அங்க போனா சம்பாரிச்சு உனக்கே அனுப்புறேன். நான் இங்க இன்னா வேலைக்குப் போவேன் சொல்லு?"

"எனக்குச் சொல்ல வராதே" என்றாள் அவள்.

"நான் சொல்லித் தரேன்."

அவனே வாத்தியார் ஆனான். 'மெதே அச்சே நோ', அவனை மன்னித்துவிட்டேன். தினமும் காலையில் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். அவள் தப்பாகச் சொன்னாள், அவன் திருத்தினான். இன்னொரு தபா சொல்லு என்பாள், சொல்வான். அவன் மன்னிப்பு மன்னிப்பு என்று வாய் வலிக்கச் சொல்வதைக் கேட்க அவளுக்கு ஆனந்தமாக இருந்தது. வாரக் கடைசியில் அவள் திக்காமல் திணறாமல், ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் காட்டினாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றே பெட்டியை இறக்கிச் சட்டைகளை அடுக்கினான்.

போன் போட்டார்கள். மாமே திரையில் வந்தாள், பக்கத்தில் தம்பி. தேவானை குளித்து, தலை வாரி, அதே மயில்கழுத்துப் பட்டைக் கட்டியிருந்தாள். வணக்கம் ஆயிற்று, நலம் ஆயிற்று. செந்தில்குமார் கைகட்டி ஓரமாக நின்றான். மாமே நிறுத்தி நிதானமாக, தேவானைக்குப் புரியும்படி கேட்டாள்: இவனை மன்னித்துவிட்டாயா?

எந்தப் பாஷையிலும் முதல் பாடத்திலேயே வந்துவிடுகிற சொல் ஒன்று உண்டு, இல்லை என்பது. ட்வியில் அதற்குத் தாபி என்று பெயர்.

"தாபி, மாமே" என்றாள் தேவானை.