மூக்கு போனவன் தளிகை

அந்தக் காய்ச்சல் ஊரில் எல்லோருக்கும் வந்தது, போனது. எனக்குப் போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூக்கு முகத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, தண்டச்சோறு.

தூத்துக்குடியில் ஒரு சின்னப் பெருமாள் கோயிலில் மடைப்பள்ளி வேலை எனக்கு. பெருமாளுக்குச் சமைப்பதைத் தளிகை என்போம். தளிகை செய்கிறவன் ருசி பார்க்கக்கூடாது, முகர்ந்தும் பார்க்கக்கூடாது. பெருமாளுக்கு முன்னால் யார் முகர்ந்தாலும் அது எச்சில். அதற்காகவே வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்வேன். ஆகவே நான் விஷயத்தைச் சொன்னதும், கோயிலில் பூஜை செய்கிற பட்டர் சிரித்தார்.

"பெருமாளுக்கு உம்ம மாதிரி ஆள்தான் ஓய் வேணும். துணி மிச்சம்!"

நானும் சிரித்துவைத்தேன். ஆனால் நாமாக முகர்வது வேறு, வாசனை தானாக வருவது வேறு. மிளகு பொரிந்தது போதும் என்று அது துணியைத் தாண்டி வந்து சொல்லும். பருப்பு அடிபிடிக்கப் போகிறது என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடும். இத்தனை வருஷமும் கைப்பக்குவம் என்று நான் பீற்றிக்கொண்டதெல்லாம் மூக்கின் பக்குவம்தான்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு என்று கொஞ்சம்தான் தெரியுமாம். மற்ற ருசியெல்லாம், மெல்லும்போது வாய்க்குப் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிற வாசனையாம். திரும்ப வருமா என்று கேட்டேன். "வரலாம்" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது?

துறைமுகச் சாலையில் கருவாடு காயப்போடும் இடத்தைக் கடக்கும்போது முன்பெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரை முறுக்குவேன். இப்போது அங்கேயே வண்டியை நிறுத்தி, நெஞ்சு நிறைய இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கருவாட்டு நாற்றத்துக்கு ஏங்கி நடுரோட்டில் கண்ணீர் விட்ட ஐயங்கார் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மார்கழியில் தினமும் பொங்கல். யாரோ உபயமாகக் கொடுத்த நெய் டின்னைத் திறந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். மாதம் பாதி கழிந்தபோது, தினமும் சேவிக்க வருகிற மளிகைக்கடை அண்ணாச்சி ஒரு புது டின்னோடு வந்து நின்றார்.

"சாமி, இனி இத ஊத்துங்க. அந்தப் பழச எடுக்காதிய."

"அது இன்னும் பாதி இருக்கே அண்ணாச்சி?"

அவர் தரையைப் பார்த்தார். "சிக்கு வாடை அடிக்கி சாமி. மார்கழி பொறந்ததுலேர்ந்தே."

பட்டரிடம் ஓடினேன். அவருக்கும் தெரிந்திருக்கிறது. "பிரசாதத்தப் போய் யாராவது குறை சொல்லுவாளா ஓய்?" வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டேன். அவளும் அதையேதான் சொன்னாள். சமைக்கிறவன் முகரக்கூடாது, சாப்பிடுகிறவன் குறை சொல்லக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் கெட்ட நெய்யைப் பெருமாளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். வேறு ஆள் கிடையாது என்றார் பட்டர். அது எனக்கும் தெரியும். நெய்யையாவது வேறு யாராவது முகர்ந்து சொல்லட்டும் என்று கெஞ்சினேன். காதைப் பொத்திக்கொண்டார். கடைசியில், பெருமாள் அமுது செய்தபிறகு தானே சாப்பிட்டுப் பார்த்து, உள்ளதை உள்ளபடி சொல்வதாகச் சத்தியம் செய்தார்.

புது நெய்யில் பொங்கல் வைத்தேன். நைவேத்தியம் ஆனதும் பட்டர் தொன்னையிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேஷா இருக்கு ஓய்" என்றார்.

பாதி மாதமும் அவர் இதே முகத்தோடுதான் சாப்பிட்டார். நானும் ஒரு வாய் போட்டுக்கொண்டேன். உப்பு இருந்தது. சூடு இருந்தது.