அப்பா தூக்கிப் பிடித்த திரை

வளைகாப்புக்கு முந்தின நாள் மத்தியானம் என் கேமராவின் பின்பக்கத் திரை போய்விட்டது. ஆன் செய்ததும் வெள்ளையாக ஒரு மின்னல், அப்புறம் ஒரே கறுப்பு. யாரோ வைத்திருந்து கை மாறி வந்த பழைய கேமரா. போட்டோ என்றால் கண்ணை வைத்துப் பார்க்க மேலே ஒரு துவாரம் இருக்கிறது, சமாளித்துவிடலாம். வீடியோ ஓடும்போது அந்தத் துவாரம் இருட்டாகிவிடும். திரையை விட்டால் வேறு வழி கிடையாது.

வந்திருந்ததோ வீடியோ வேலை. நான் தனியாக ஒப்புக்கொண்ட முதல் வேலையும் அதுதான். குடவாசல் பக்கம் எங்கள் ஊரில் மிராசு வீடு என்று சொல்லுகிற பெரிய வீட்டில், அந்த வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு. பெங்களூரில் வேலை பார்க்கிற அக்கா அவர். கணவர் கப்பலில் இருந்தார், லீவு கிடைக்கவில்லை. போனில் அந்த அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. எது விட்டுப்போனாலும் பரவாயில்லை, முதல் வளையல் போடுவதை மட்டும் விட்டுவிடக் கூடாது, கணவர் அதைப் பார்க்க வேண்டும்.

ப்ளஸ் டூவில் எனக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் வீட்டில் இருந்தது. அம்மா அதற்கு ஒரு பழைய புடவைத் துணியில் உறை தைத்து வைத்திருந்தார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அதற்கான சாஃப்ட்வேரை இறக்கி, கேமராவையும் லேப்டாப்பையும் கேபிளால் இணைத்தேன். கேமரா பார்ப்பதெல்லாம் லேப்டாப்பில் பெரிதாக வந்தது, பதிவும் அதிலேயே ஆனது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் ஏன் தீப்பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டார்.

ஆனால் லேப்டாப்பை எங்கே வைப்பது? கேபிள் இரண்டு முழம்தான். ஸ்டூலில் வைத்தால் நான் நகரும்போது ஸ்டூல் கூட வராது. கூப்பிட்டால் வரக்கூடிய நண்பன் திருச்சியில் இருந்தான். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த அப்பா, “நான் புடிக்கிறேன்” என்றார்.

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் வரிசை நடவுக்குக் கயிறு பிடிக்க ஆள் தேடினால் எங்கள் ஊரில் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இந்த வரப்பில் ஒருவர், அந்த வரப்பில் ஒருவர், நடுவில் கயிறு. பெண்கள் ஒரு வரிசை நட்டு முடித்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கயிற்றைத் தூக்கிப் பின்னால் போட வேண்டும். தொய்யவும் கூடாது, வெடுக்கென்று இழுக்கவும் கூடாது. கயிற்றைப் பார்த்தால் தப்பாகிவிடும், எதிரே இருக்கிறவன் முகத்தைப் பார்க்கணும் என்பார். அன்று பொழுது சாய்வதற்குள் வாசலில் கோழியை வைத்து ஒத்திகை பார்த்தோம். கோழி போன பக்கமெல்லாம் நான் போக, திரையை என் பக்கம் காட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவரும் கூடவே வந்தார். கேபிள் ஒரு தடவைகூட விறைக்கவில்லை. திரையில் என்ன தெரிகிறது என்று அவருக்குத் தெரியாது. என் முகத்தை மட்டும் பார்த்தார்.

மறுநாள் காலை அந்த வீட்டு வாசலில்தான் அவர் தயங்கினார். அத்தனை வருஷமும் நெல் மூட்டையோடு கொல்லைப்புறமாகப் போய் வந்த வீடு. குழாயடியில் இரண்டு தடவை கால் கழுவினார். அப்புறம் என் பின்னால் முன்வாசல் வழியாக வந்தார்.

கூடத்தில் பெண்கள் சிரித்தார்கள். சீர்த்தட்டு எல்லாம் கீழே இருக்க இவர் மட்டும் எந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார் என்று ஒருத்தர் கேட்க, அப்பாவும் சிரித்துவிட்டார். அரை மணி நேரம் நன்றாகவே போனது. சந்தனம், குங்குமம், அக்காவின் முகம், அடுக்கி வைத்த கண்ணாடி வளையல்கள். நான் குனிந்தால் அவரும் குனிந்தார்.

முதல் வளையல் வேப்பங்கொழுந்தில் வளைத்தது. அக்காவின் அத்தை அதைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து வீட்டுப் பெரியவர், அக்காவின் அப்பா, வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். எங்கள் அப்பா ஐயா என்று கூப்பிடுகிறவர். அவரைக் கண்டதும் அப்பாவின் தோள் தானாகக் குறுகியது. கையில் இருப்பதை இறக்கி, ஒரு பக்கமாக ஒதுங்கி, திரையை மெதுவாக மூடிவிட்டார். மூடினால் லேப்டாப் தூங்கிவிடும், பதிவும் நின்றுவிடும். அந்த அமைப்பை மாற்றி வைக்க எனக்கு முந்தின நாள் தோன்றவில்லை. அவர் மூடுவார் என்று நான் நினைக்கவே இல்லை.

“என்னப்பா பண்றே நீ?”

அப்பாவை நான் ஒருநாளும் நீ என்று கூப்பிட்டதில்லை. வீட்டில் கோபம் வந்தால்கூட நீங்கதான். அத்தனை பேருக்கு நடுவில் வாயிலிருந்து அது வந்துவிட்டது. இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

அத்தையின் கை அக்காவின் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டிருந்தது. அந்த வீட்டில் யாரையும் நிறுத்தச் சொல்லி எங்கள் வீட்டு ஆள் ஒருவரும் கேட்டது கிடையாது. நான் கேட்டேன். ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். குரல் பாதிதான் வந்தது. அக்காவுக்குக் கேட்டுவிட்டது, கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, “அத்தை, இருங்க” என்றார்.

அந்தப் பழைய லேப்டாப் எழுந்திருக்க நேரமெடுத்தது. கேமராவுக்கும் மசக்கையா என்று ஒரு பாட்டி கேட்டார், கூடம் முழுக்கச் சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. என்னப்பா ஆச்சு என்று அப்பாவைக் கேட்டார். ஏதோ ரிப்பேர் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா சொல்லிவிட்டார்.

“நான்தாங்க மூடிட்டேன். நீங்க வந்தீங்க, அதான்.”

பெரியவருக்கு அது புரிந்ததா, தெரியவில்லை. நான் வந்ததற்கும் அதற்கும் என்ன என்கிற மாதிரி முதலில் பார்த்தார். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அங்கிருந்து போகவில்லை.

திரை விழித்தது. அப்பா அதைத் தூக்கினார். பெரியவர் ஒரு முழ தூரத்தில் நிற்க, நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். தோளில் கிடந்த துண்டு நழுவி முழங்கையில் விழுந்தது. அதைச் சரிசெய்ய அவருக்குக் கை இல்லை. கண் என் முகத்தில் இருந்தது.

“வருதுங்களாப்பா?” என்று கேட்டேன். அவருக்கு எப்படித் தெரியும். பழையபடி மரியாதையோடு ஒரு தடவை பேசிவிட வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். அவருக்கு அது புரிந்தது போல லேசாகத் தலையை ஆட்டினார்.

பதிவை ஓட விட்டேன். அத்தை வேப்பிலை வளையலைப் போட்டார். அக்கா அத்தையைப் பார்க்காமல் நேராகக் கேமராவையே பார்த்தார், கண் கலங்கியிருந்தது. பெரியவர் நடந்து என் பக்கமாக வந்து, திரையில் மகள் முகத்தைக் குனிந்து பார்த்தார். இப்போது அப்பாவுக்கு எதிரே நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அவர் கை இறங்கவில்லை.

முதல் வளையல் முடிந்ததும் அப்பா வாயைத் திறந்தார். ஐயாவைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்.

“இறக்கலாமா?”

வரிசையில் இன்னும் ஆறேழு பேர் வளையலோடு நின்றார்கள். “இப்ப வேணாம்ப்பா, இன்னும் கொஞ்ச நேரம் புடிங்க” என்றேன்.

சரி என்றார். கால்களைச் சற்று அகட்டி வைத்துக்கொண்டார்.