பஞ்சு இல்லாத சட்டை

ஒரு மார்பை எடுத்துவிட்டால் பெண்ணில் பாதி போய்விடும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

மிஷின் நின்ற பிறகும் டெய்லரக்காவின் பாதம் நிற்பதில்லை. வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடியே பாட்டு முணுமுணுப்பார். அளவு கொடுக்க வருபவர் வயிற்றை எக்கினால் விடமாட்டார். "மூச்ச விடும்மா. நான் உனக்குத்தான் தைக்கிறேன், உன் பயத்துக்கு இல்ல."

புற்றுநோயால் இடது மார்பை எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு, விரல்களைச் சுவரில் மெல்ல ஏற்றி இடக்கையை உயர்த்தப் பழகச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். சுவரைப் பார்த்துச் சலித்துப்போய் ரேடியோவைப் போட்டார். ஆட்டம் அப்படித்தான் வந்தது. அதுவரை கடைக் கண்ணாடிப் பக்கமே திரும்பாதவர், இடுப்பை ஒடித்து நின்று தன்னையே பார்க்கத் தொடங்கினார்.

நலம் விசாரிக்க வந்த உறவுக்காரர், "எல்லாம் போன ஜென்மத்துப் பாவம்" என்று உச்சுக்கொட்டினார்.

"அப்ப டாக்டர் வெட்டுனது பாவத்தையா? பாட்டில்ல போட்டுத் தந்திருந்தா உங்களுக்குக் காட்டியிருப்பேனே!"

நோயைப் பாவமென்னும் வாய்க்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

எங்கள் குடியிருப்பின் ஆண்டுவிழாவுக்குப் பெண்கள் நாங்கள் ஆட்டம் பழகினோம். எல்லோருக்கும் உடை தைத்தவர் அக்காதான். அவருடைய நாத்தனார் மட்டும் விடவில்லை. "பஞ்ச வெச்சாவது மறைச்சுக்க. நாலு பேரு பாப்பாங்கல்ல?"

வைத்தார். ஒத்திகையில் கை மேலே போனதும் பஞ்சும் கழுத்துவரை ஏறிவிட்டது. "பாருங்கடி, எட்டிப் பாக்குது!" என்று முதலில் சிரித்தவர் அவர்தான். பிறகு திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விழா அன்று, உடை மாற்றும் அறையில் நாத்தனார் அந்தப் பஞ்சைச் சட்டையோடு சேர்த்து ஊசிகளால் இறுக்கினார். இப்போது பஞ்சு நகரவில்லை. கையும் தோளைத் தாண்டவில்லை. வெளியே எங்கள் ஆட்டத்தை அறிவித்துவிட்டார்கள்.

"அண்ணி, இதக் கொஞ்சம் பிடிங்க."

ஊசிகளைப் பிடுங்கி, பஞ்சை உருவி நாத்தனார் கையில் வைத்தார். சட்டையைக் கழற்றி, மார்பின் வளைவுக்காக இடப்பக்கம் பிடித்திருந்த தையலை மட்டும் பிரித்து, துணியைத் தட்டையாக நீவிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"எல்லாரும் என்னடி சொல்லுவாங்க?"

"ஆடுனேன்னு சொல்லட்டும் அண்ணி."

முன்வரிசையில் நின்றார். பாட்டு தொடங்கியதும் இரண்டு கைகளையும் தூக்கினார். இடக்கை மெல்ல ஏறி, காதைத் தாண்டி, முழுசாக மேலே போயிற்று. கீழே சிலர் தலையைக் குனிந்துகொண்டு செல்போனைத் துழாவினார்கள்.

நீங்கள் குனியாதீர்கள். பாருங்கள், பார்த்துக் கை தட்டுங்கள்.