உச்சம்: ஐந்து முப்பத்திநாலு

அந்த வாரப் பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கமா அக்கா. பத்தொன்பது வருஷமாக அவளும் அவள் தங்கையும் அங்கே பிழை திருத்தினார்கள். தங்கை மூலத்தைச் சத்தமாகப் படிப்பாள். தலைப்பு, கமா, புள்ளி, அடைப்புக்குறி என்று தாளில் இருக்கும் அத்தனையும் அவள் வாயில் வரும். அக்கா அச்சுப்படியில் பேனா முனையை ஊன்றிக்கொண்டே பின்தொடர்வாள். அக்கா கமா, தங்கை புள்ளி. “கமா வந்தாச்சு, புள்ளி எங்கே?” என்று யாராவது கேட்காமல் ஒரு காலையும் விடிந்ததில்லை. இப்போது நாலு மாதமாக யாரும் கேட்பதில்லை.

அந்த நாலு மாதமாக அவளுக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அலுவலகத்து மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி, டிராயரைப் பூட்டினோமா என்று மறுபடி ஏறுவாள். பூட்டித்தான் இருக்கும். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் எழுந்து நிற்பாள். அலுவலகத்தில் மூன்று நாற்காலி மாற்றிவிட்டாள்.

காரணம் அவளுக்குத் தெரியும். தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசிச் சாயங்காலம் அவள் மகள், பதினாலு வயசுப் பெண், போகமாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நேரம் இருக்குடி. வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு நாளைக்குக் காலையில வா” என்று இவள்தான் அனுப்பிவைத்தாள். காலை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெண் பெரியம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாசலில் நின்று சாப்பாட்டுப் பாத்திரத்தை வாங்கிக்கொள்வாள், கழுவித் திருப்பித் தருவாள், அவ்வளவுதான்.

போன புதன்கிழமை அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘சனிக்கிழமை கிரகணம் எத்தனை மணிக்கு?’

தங்கை படுக்கையில் விழுவதற்கு முன்பே கிரகணம் பார்க்க இரண்டு கறுப்புக் கண்ணாடி வாங்கி வைத்திருந்தாள். “எனக்கு ஒண்ணு, என் பொண்ணுக்கு ஒண்ணு. அக்காவுக்கு எதுக்கு? அவ கடிகாரத்தைத்தான் பார்த்துட்டு இருப்பா” என்று அலுவலகமே சிரிக்கும்படி சொன்னாள். இரண்டும் இன்னும் மேஜை டிராயரில் கிடந்தன.

ஊர்வாரியான கிரகண நேர அட்டவணை அப்போதுதான் அச்சுப்படியாக வந்திருந்தது. அதைப் பார்த்தே பதில் போட்டாள். ‘உச்சம் 5:34. நீச்சல் முடிஞ்சு ஆபீஸ் மொட்டைமாடிக்கு வந்துடு.’ ‘சரி’ என்று வந்தது. அந்த ஒரு சொல்லை அவள் அன்று எத்தனை முறை திறந்து பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

சனிக்கிழமை நாலு மணி வாக்கில் அவளும் பக்கம் கட்டுகிற தம்பியும் மட்டும்தான் அலுவலகத்தில் இருந்தார்கள். ஜன்னலில் வெயிலுக்காக அடித்த தகட்டில் நெடுக ஓட்டைகள். அதன் வழியே மேஜையில் தினமும் காசு காசாக வெளிச்சம் விழும். அன்று ஒரு வட்டத்தையும் காணோம். எல்லாம் கடித்துவைத்த பிஸ்கட் மாதிரி ஒரு பக்கம் குழிந்து கிடந்தது.

கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பத்து. பத்திரிகைப்படி கிரகணம் தொடங்கவே நாலு நாற்பத்தொன்று ஆகவேண்டும்.

கோப்பிலிருந்து வானிலை அலுவலகத்துத் தாளை உருவினாள். தங்கள் ஊருக்குத் தொடக்கம் 3:42. உச்சம் 4:41. முடிவு 5:34.

“தம்பி, இந்த அட்டவணையில ஒரு வரிசையை எடுத்தியே, எதை எடுத்தே?”

“ஆசிரியர் இடம் பத்தலை, முடிவை எடுத்துடுன்னார். எடுத்துட்டேனே.”

“தலைப்புல முடிவை எடுத்திருக்கே. நம்பர்ல தொடக்கத்தை எடுத்திருக்கே.”

அவன் எழுந்து வந்து பார்த்தான். “ஐயோ. ஆனா நீங்க டிக் போட்டிருக்கீங்களேக்கா?”

போட்டிருந்தாள். சத்தமாகப் படிக்க ஆள் இல்லாததால் அவள் புதிதாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். மூலத் தாளின் மேல்பகுதியை மடித்து, எண்களை அச்சுப்படியின் எண்களோடு ஒட்டிவைத்து, ஒன்றுக்கொன்று பார்ப்பது. எண் ஒன்றுகூடத் தப்பில்லை. தலைப்பு மட்டும் மடிப்புக்குப் பின்னால் போயிருந்தது. புள்ளி இருந்திருந்தால் முதல் வரியிலேயே “தொடக்கம், மூணு நாப்பத்திரெண்டு” என்றிருப்பாள். அங்கேயே பேனா நின்றிருக்கும்.

பெண் போனை எடுக்கவில்லை. நீச்சல் குளத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கமா அக்கா அந்தத் தாளையும் பத்திரிகையையும் கையில் சுருட்டிக்கொண்டு படியிறங்கினாள். பூட்டினோமா என்று திரும்பவில்லை.

பஸ் இரண்டாவது சிக்னலில் அசையாமல் நின்றது. இறங்கி நடந்தாள். நடை ஓட்டமாயிற்று. வெயில் வெளுத்துப்போய், யாரோ விளக்கைத் தணித்த மாதிரி இருந்தது. முடி வெட்டும் கடை வாசலில் கடைக்காரர் நாலு பேரை உட்காரவைத்து, “அவசரப்படாதீங்க, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“இல்லைங்க, இப்பத்தான் உச்சம். கண்ணாடி இருந்தா இப்பவே பாருங்க.”

“பேப்பர்ல அஞ்சு முப்பத்திநாலுன்னு போட்டிருக்கும்மா. நீங்க யாரு சொல்றதுக்கு?”

“போட்டவளே நான்தான்!” என்று மூச்சிரைக்கக் கத்திவிட்டு ஓடினாள். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது.

குளத்தின் வாசலில் பயிற்சியாளர் மறித்தார். “அஞ்சு மணிக்குத்தான் விடுவோம்மா.”

“நீங்க விடுவீங்க சார். சூரியன் நிக்கணுமே.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு விசிலை ஊதினார். அப்போது நாலு ஐம்பத்திரண்டு.

பெண் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட வந்தாள். பெரியம்மாவைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. “அப்பாவுக்கு என்ன?”

“அப்பாவுக்கு ஒண்ணுமில்லடா. கிரகணம்... நேரத்தைத் தப்பாச் சொல்லிட்டேன். உச்சம் போயிடுச்சு.”

“மறுபடியுமா?”

 பெண் துண்டால் காதைத் துடைத்தாள். “கண்ணாடி எங்கே?”

“மேஜை டிராயர்ல.”

“அதையும் விட்டுட்டு வந்தீங்களா!” கோபம்தான். ஆனால் உதட்டோரம் ஒரு சுழிப்பு. “உங்களுக்கு வேணாம்னு அம்மா சொன்னது சரிதான்.”

உடை மாற்றும் அறைக்குப் போகிற வழிக்குப் பழைய தகரக் கூரை. நூறு ஆணி ஓட்டைகள். ஈரத் தரை முழுக்கப் பிறைகள் விழுந்து கிடந்தன. பெண்ணின் பாதத்தில் இரண்டு, முழங்காலில் ஒன்று. அவள் காலை நகர்த்திப் பார்த்தாள். பிறை நகரவில்லை, அடுத்த விரலில் ஏறியது. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கமா அக்கா உடனே எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு நேரம் இருக்குன்னு சொன்னீங்களே,” பெண் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “நிஜமாவே நினைச்சீங்களா, இல்ல என்னை அனுப்பறதுக்காகச் சொன்னீங்களா?”

“நினைச்சேன். காலையில பார்க்கலாம்னு டாக்டர் சொன்னார். நான் அப்படியே உன்கிட்ட சொன்னேன். திருப்பிக் கேக்கலை. இன்னொரு தடவை கேட்டிருக்கணும்.”

 கூரையில் ஒரு காக்கை நடக்கும் சத்தம் கேட்டது. பெண் கையை நீட்டி, “அந்தத் தாளைக் கொடுங்க” என்றாள்.

“எதுக்கு?”

“அடுத்த வாரம் திருத்தம் போடணும் இல்ல? அதையும் தனியாப் பார்த்துத் தப்பு விடுவீங்க.”

அவள் அம்மா மாதிரி படிக்கவில்லை. வேகமாக, எரிச்சலாக, கமாவை விழுங்கிவிட்டுப் படித்தாள். கமா அக்கா பத்திரிகையை மடியில் விரித்து, பேனாவை ஊன்றி, தப்பான எண்ணை அடித்துச் சரியானதை எழுதினாள். இரண்டு இடத்தில் “நிறுத்து” என்றாள். “என்ன இப்போ?” என்றாள் பெண். ஊர் ஊராகப் போய் எல்லாம் முடிந்தபோது தரையில் பிறைகள் தடித்து, ஏறக்குறைய வட்டமாகியிருந்தன. தங்கள் ஊரின் முடிவு நேரத்தை மட்டும் படிக்காமல் மிச்சம் வைத்து, பெண் கூரையின் ஓட்டைகளையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முடிவு,” என்றாள் பெண், வட்டங்கள் நிறைந்ததும். “அஞ்சு முப்பத்திநாலு.”

“சரி” என்று டிக் போட்டாள் கமா அக்கா.